கம்பி நின்ற இடம்

அக்கா ஒரு தோட்டா உறையை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால் அதை ஒதுக்கி வைக்க மாட்டார். அந்த நொடியே கட்டிங் பிளேயரால் அதன் வாயை நசுக்கிவிடுவார். பிறகு அதைப் பற்றி யாரும் வாதாட முடியாது. "நல்லாத்தானே இருந்துச்சு" என்று யாராவது ஆரம்பித்தால், நசுங்கியதை அவர் உள்ளங்கையில் வைத்து, "இப்ப பாருங்க, நல்லாவா கீது?" என்பார்.

அது ஒரு ரைபிள் கிளப். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஒரு சிறு குன்றின் அடிவாரத்தில் இருந்தது. குண்டுகளை வாங்கிக்கொள்வது அந்தக் குன்றுதான். முந்நூறு மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள் சனி, ஞாயிறு வருவார்கள். செங்கல்பட்டில் கண் மருத்துவமனை வைத்திருந்த ஒரு டாக்டர் அம்மா, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து மூன்று நான்கு பேர். அவர்கள் சுட்டுப்போட்ட பித்தளை உறைகளைச் சீர்செய்து மறுபடியும் பயன்படுத்த கிளப்புக்கு உரிமம் இருந்தது. அதற்காகத் தகரக் கூரை போட்ட ஓர் அறை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எனக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் என்று பதவி. அக்கா ஹெல்பர். வயதில் எனக்குப் பதினைந்து வருடம் மூத்தவர், வருகைப் பதிவேட்டில் எனக்குக் கீழே.

வெடிமருந்து நிரப்புவது எங்கள் வேலை இல்லை. அதற்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் வருவார், தனி அறையைப் பூட்டிக்கொண்டு செய்வார். எங்கள் வேலை வெறும் பித்தளையோடு. சுட்ட உறை உப்பியிருக்கும். அதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பிரஸ்ஸில் பொருத்திய டை என்கிற இரும்பு அச்சுக்குள் தள்ளினால் பழைய அளவுக்கு வரும். அதைச் செய்வது நான். அப்படி வந்ததைக் கேஜில் போட்டு நீளம் பார்த்து, கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் உள்ளே கம்பி விட்டுப் பார்ப்பது அக்கா.

கம்பி என்றால் சைக்கிள் ஸ்போக்ஸ். அதன் முனையை ஊசியாகத் தேய்த்து, கொக்கி போல வளைத்து அவரே செய்துகொண்டது. அதை உறைக்குள் விட்டு உள்சுவரை ஒட்டி இழுப்பார். பலமுறை சுட்ட உறைகளில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, உள்ளே, உலோகம் இளைத்து வாய்க்கால் போல ஒரு குழி விழுந்திருக்கும். கம்பி அதில் தடுக்கி நிற்கும். அப்படி நின்ற உறையை மறுபடி சுட்டால் அது இரண்டாகப் பிரியலாம். பிரிந்தால் சூடான வாயு பின்பக்கமாக வரும். பின்பக்கத்தில், ரைபிளை ஒட்டிக்கொண்டு, சுடுபவரின் கன்னம் இருக்கும்.

நான் ஒவ்வொருவருடைய உறைகளுக்கும் லாட் எண் போட்டு அட்டை ஒட்டியிருந்தேன். அக்கா அதைச் சொல்லவே மாட்டார். "பேங்க்கார் கன்னம் முடிஞ்சிது. அடுத்து டாக்டரம்மா கன்னமா, டவுன்ஷிப் கன்னமா?" என்று கேட்பார். உறுப்பினர்கள் காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள், லாட் எண் சொல்லுங்கள் என்று ஒருநாள் கண்டிப்பாகச் சொன்னேன்.

"லாட்டுக்கு எரியாதும்மா" என்றார்.

அவர் பேச்சும் எனக்கு அப்போது சங்கடமாக இருந்தது. 'இன்னா' என்று சொல்லாதீர்கள், 'என்ன' என்று சொல்லுங்கள் என்று திருத்துவேன். என் வீட்டில் அம்மாவும் அப்பாவும் இன்றுவரை அப்படித்தான் பேசுகிறார்கள், நானும் பள்ளிக்கூடம் போகும்வரை அப்படித்தான் பேசினேன். அக்கா கோபப்படவில்லை. வங்கி மேலாளர் உள்ளே வந்தபோது எழுந்து நின்று, "என்ன சார், இன்னா வோணும்?" என்றார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் எனக்கும் திருப்தி, அவருக்கும் திருப்தி.

அந்த மேலாளருக்கும் அவருக்கும் ஓயாத வழக்கு. ஒருமுறை அக்கா அவருடைய ஆறு உறைகளை வரிசையாக நசுக்கிவிட்டார்.

"ஏம்மா, இது வெளிநாட்டுச் சரக்கு. ஒண்ணு கிடைக்க ஆறு மாசம் ஆகுது."

"வெளிநாட்டுலயும் கம்பி வுட்டா நிக்கும் சார்."

"உனக்கு இதை நசுக்கறதுல ஒரு சந்தோஷம்."

"அத்த வேணா வூட்டுக்கு எடுத்துக்கினு போயி சாவிக்கொத்துல மாட்டிக்கலாம்னு சொல்லுவேன். வெளிய உடமாட்டாங்க. ஒண்ணு கொறஞ்சாலும் இந்த மேடம் கேள்வி கேக்கும்" என்று என்னைக் காட்டினார்.

அது உண்மை. நல்லதோ நசுங்கியதோ, ஒவ்வோர் உறைக்கும் கணக்கு உண்டு. ஓர் உறை கேட்டைத் தாண்டி வெளியே போனது தெரிந்தாலே கிளப்பின் உரிமத்துக்கு ஆபத்து. மாலையில் எண்ணிப் பூட்டிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

இந்தக் கண் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறேன். மறைமலைநகர் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் ஒன்பது வருடம் மாத்திரை அட்டை பார்த்தாராம். பெல்ட்டில் அட்டைகள் ஓடிக்கொண்டே இருக்கும். உடைந்த மாத்திரை, காலிக் குழி, கறுப்புப் புள்ளி எது தெரிந்தாலும் கை நீட்டி எடுத்துவிட வேண்டும். பிறகு கேமரா வைத்து, ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

"கேமரா தப்பு பண்ணாதுக்கா" என்றேன்.

"அந்த மாத்திரைய நான் சாப்ட்ருக்கேன், எம் பொண்ணுக்கு குட்த்துருக்கேன். கேமரா சாப்ட்டுதா?"

வேலைக்கு வெளியிலும் அவர் அப்படியேதான். டீக்கடையில் கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைச் சுற்றிப் பார்க்காமல் வாய் வைக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். திருக்கழுக்குன்றத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "பின் டயரு நூலு தெரியிது, எறங்கு" என்றார்.

"எட்டுப் பேர் உட்கார்ந்திருக்காங்கக்கா."

"ஒம்பதாவதா நீ வாணாம்."

டிரைவர், "யக்கா, காலைல இருந்து நாலு டிரிப் அடிச்சிட்டேன், ஒண்ணும் ஆவல" என்றார். அக்கா எட்டுப் பேரிடமும் டயரைக் காட்டினார். யாரும் இறங்கவில்லை. நாங்கள் வெயிலில் முக்கால் மணி நேரம் நின்று பஸ் பிடித்தோம். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் அதே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தார். எனக்கு எரிச்சல். "பாத்தீங்களா" என்றேன்.

"வந்துச்சில்ல, நல்லது" என்றார். நிஜமாகவே அவருக்கு அது சந்தோஷம். தோற்றுப்போன மாதிரி முகத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த முறையும் அந்த டயரில் ஏறியிருக்க மாட்டார். ஒன்றும் ஆகவில்லை என்பதை அவர் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வதே இல்லை. என்னால் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அந்த வருடம் டாக்டர் அம்மாவின் ரைபிளுக்குப் புதுப் பேரல் போட்டிருந்தார்கள். அவரிடம் நூறு உறைகள் இருந்தன, பேரலோடு சேர்த்து வாங்கியவை. புதிதாக வரவழைக்க மாதக் கணக்காகும். தேர்வுப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது அந்த நூறும் ஐந்தாவது முறையாக எங்கள் மேசைக்கு வந்தன.

திங்கட்கிழமை அக்கா எட்டு உறைகளை நசுக்கினார். செவ்வாய் பதினொன்று. புதன்கிழமை மதியத்துக்குள் மொத்தம் முப்பத்தொன்று. டாக்டர் அம்மா போனில் சொல்லியிருப்பார் போல, கிளப் செயலாளர் நேராக அறைக்கு வந்துவிட்டார். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தவர், குரல் மைதானத்துக்கானது.

"என்ன நடக்குது இங்க? நூறுல முப்பத்தொண்ணு காலி. போட்டிக்கு அறுபது ரவுண்டு, பழகறதுக்குத் தனியா. அவங்க எதை வெச்சு சுடுவாங்க?"

"கம்பி நிக்குது சார்" என்றார் அக்கா.

அவர் என்னிடம் திரும்பினார். "கேஜ் என்ன சொல்லுது?"

"பாஸ் ஆகுது சார்."

ஓர் உறையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டினார். "அடியில ஒரு வளையம் பளபளன்னு தெரியுதே?"

"அது டை விடற தடம் சார். எல்லா உறையிலயும் இருக்கும்."

நான் சொன்னதில் பொய் இல்லை. டை அந்த இடத்தில் ஒரு பளபளப்பான கோடு போடத்தான் செய்யும். உள்ளே உலோகம் இளைத்தாலும் அதே இடத்தில் அதே மாதிரி ஒரு கோடுதான் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று.

செயலாளர் பிளேயரை எடுத்து என் மேசை டிராயரில் போட்டார். "இனிமே நசுக்கணும்னா இந்த மேடம் சொல்லணும். அவங்கதான் படிச்சவங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உனக்கு இங்க வேலை கிடையாது, சொல்லிட்டேன்." அக்கா தலையாட்டினார்.

செயலாளர் போன பிறகு நான் கம்பியை வாங்கி ஐந்து உறைகளில் விட்டுப் பார்த்தேன். மூன்றில் நின்றது. கம்பி முனையில் பிசிறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பேரல் ஞாபகம் வந்தது.

பழைய பேரலின் அளவுக்கு டையை இறக்கி வைத்தது நான்தான். வேலைக்குச் சேர்ந்த மாதம் செய்தது, பிறகு தொடவே இல்லை. புதுப் பேரலில் உறை உட்காரும் இடம் ஒரு முடியளவு நீளம். நான் ஒவ்வொரு முறையும் உறையைத் தேவைக்கு மேல் குட்டையாக்கிக் கொடுத்திருக்கிறேன். சுடும்போது அது நீள வேண்டியிருக்கிறது. மறுபடி குட்டையாக்கியிருக்கிறேன், மறுபடி நீண்டிருக்கிறது. ஐந்து முறை. கேஜுக்கு எந்த ரைபிள் என்று தெரியாது, பொதுவான அளவுக்குள் இருந்தால் போதும். புதன்கிழமை மூன்று மணிக்கே எனக்கு இது தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

"ஒண்ணே ஒண்ணு அறுத்துப் பாத்துடலாம் தங்கச்சி" என்றார் அக்கா. யாரும் இல்லாதபோது தங்கச்சி, ஆள் இருந்தால் மேடம். "நீளவாக்குல அறுத்தா உள்ள தெரிஞ்சிபூடும்."

"சார் பர்மிஷன் இல்லாம அறுக்கக் கூடாதுக்கா."

"கேளு."

"கேக்கறேன்."

கேட்கவில்லை. மாலையில் மீதி உறைகளை எண்ணக்கூட எனக்கு மனம் இல்லை. அறுபத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் செங்கல்பட்டில் ரயில் பிடித்துக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை நான் வரும்போது அக்கா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு செய்தித்தாள் துண்டு. அதன் மேல் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த ஓர் உறை.

பார்த்தவுடன் தெரிந்தது. உள்சுவரில், அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு குழி. அந்த இடத்தில் பித்தளை காகிதம் போல மெலிந்திருந்தது.

"எங்கக்கா அறுத்தீங்க?"

"அவரு பட்டறைல." அவர் கணவர் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் கல் அறுக்கும் வேலை செய்தார். "கல்லு அறுக்கற மிஷின்லதான். நல்லா அறுத்துக் குட்த்துது."

"வெளிய எடுத்துக்கிட்டுப் போனீங்களா? தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியாதா?"

"தெரியும். எனுக்கு வேல பூடும். கிளப்புக்கு லைசென்ஸ் பூடும்." துண்டுகளை என் பக்கம் நகர்த்தினார். "அதான் நீயே அறுத்தேன்னு சொல்லு. நம்ம வைஸ்ல வெச்சி, ஆக்சா பிளேடுல. சார் நீ சொன்னா நம்புவாரு. சீக்கிரம் போ, நாளிக்கி மருந்து ரொப்பற ஆளு வந்துடுவாரு. அந்தம்மாவும் சார் ரூம்லதான் கீது."

வெட்டிய விளிம்பில் வெள்ளையாகக் கல் தூசி ஒட்டியிருந்தது. அதைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

செயலாளர் அறையில் டாக்டர் அம்மாவும் இருந்தார். துண்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணுக்குள் பார்த்துப் பழகியவர், குழியின் மேல் ஒருமுறை நகத்தை ஓட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"யாரும்மா அறுத்தது?" என்றார் செயலாளர்.

"நான்தான் சார்."

"பர்மிஷன் கேட்டிருக்கணும். பரவால்ல. படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான். அந்தம்மா சும்மா நசுக்கிட்டு இருந்துச்சு, நீ காரணத்தோட வந்திருக்க பாரு."

அறுத்தது நான் என்ற பொய் அக்காவுக்காக. உறை ஏன் இளைத்தது என்று யாரும் கேட்காததால் நான் சொல்லாமல் விட்டது எனக்காக. இரண்டும் ஒரே வாயில், ஒரே நிமிடத்தில் நடந்தன. அறைக்குத் திரும்பி வந்து, டாக்டர் அம்மாவின் ரைபிளில் வெற்று உறையைப் போட்டுப் போட்டுப் பார்த்து டையை மேலே ஏற்றி வைத்தேன். அக்கா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கி மேலாளர் தன் உறைகளில் எழுபதைக் கடனாகக் கொடுத்தார். அவசரத்தில் தயாரான தோட்டா, பழகிப் பார்க்க நேரமில்லை. டாக்டர் அம்மா நான்கு புள்ளியில் தேர்வைத் தவறவிட்டார். அந்த வயதில் அவருக்கு அடுத்த வருடம் என்பது நிச்சயமில்லை, அவரே சொன்னார். இருந்தாலும் மறுவாரம் ஓர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். "நீ பார்க்கலைன்னா என் கண்ணு போயிருக்கும்மா" என்று என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் நீட்டினேன். ஒரு மைசூர்பாகை எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டார்.

மறு வருடம் கிளப் கைமாறியது. புது ஆட்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள், நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வெளியேறினோம். அக்கா திருவிடந்தைப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். படுக்கை விரிப்புகளை அவர் எப்படிப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது கட்டிங் பிளேயர் இல்லை. போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை.

டாக்டர் அம்மாவின் மீதி அறுபத்தெட்டு உறைகளையும் அழித்துவிடச் செயலாளர் எழுத்தில் உத்தரவு கொடுத்திருந்தார். அழிக்கும் உறைகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. எத்தனை, யாருடையது, காரணம், கையெழுத்து. வழக்கமாக நான் எழுதுவேன், அக்கா நசுக்குவார். அன்று என்ன தோன்றியதோ, நானே நசுக்குகிறேன் என்று பிளேயரை எடுத்துக்கொண்டேன். பித்தளை நான் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. பத்துக்குள் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"உங் கை சும்மா இல்ல. நான் எழுதறேன்" என்று அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். எட்டாவது வரை படித்தவர், எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். எண்ணிக்கை எழுதினார். டாக்டர் அம்மா பெயர் எழுதினார். "காரணம்னு கீது. இன்னா எழுதணும்?"

"பழுதுன்னு எழுதுங்க."

அவர் எழுதவில்லை. பேனா கட்டத்தின் மேலேயே நின்றது. "எதுனால பழுது?"

நான் நசுக்கிக்கொண்டே இருந்தேன்.

"வியாழக்கெயம காத்தால நீ டைய மேல ஏத்துனத நான் பாத்தேன் தங்கச்சி. நான் யாராண்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். நாளிக்கி நீ வேற எங்கனா பெரிய வேலைக்குப் பூடுவ. இன்னொருத்தரு புது பேரலோட வருவாரு. உன் எடத்துக்கு வர்ற புள்ள இந்த புக்கத்தான் பொரட்டிப் பாக்கும். பழுதுன்னு இருந்தா அதுக்கு இன்னா தெரியும்?"

ஒன்றாம் தேதி செயலாளர் அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். அவர் இன்னும் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் நான் அறுத்த உறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அப்பாவிடம்கூட போனில் சொல்லியிருந்தார். அப்பா அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

இருபத்தாறாவது உறையைக் கீழே வைத்தேன்.

"பேரல் மாற்றிய பிறகு டை திருத்தி வைக்கப்படவில்லை. அப்படி எழுதுங்க."

நிதானமாக எழுதினார். "யாரு திருத்தி வெக்கணும்னு போடணுமா?"

"போடுங்க."

என் பெயரை முழுதாக எழுதினார். அந்தக் காலத்தில் என் பெயரை எங்கே எழுதினாலும் பின்னால் டி.எம்.இ. என்று படிப்பைப் போட்டுக்கொள்வேன். டிபன் பாக்ஸ் மூடியில்கூட ஆணியால் அப்படித்தான் கீறி வைத்திருந்தேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"பின்னால அந்த மூணு எழுத்து போடட்டுமா?"

"போடுங்கக்கா."

ஒவ்வோர் எழுத்துக்கும் புள்ளி வைத்து எழுதி, மை காய ஊதினார். பிறகு என் கையிலிருந்து பிளேயரை வாங்கிக்கொண்டு, "நீ ஒவ்வொண்ணா எடுத்துக் குடு, இன்னும் நாப்பத்திரண்டு கீது" என்றார்.